மெஷினின் முகத்தில் வைத்த பொட்டு

நம் ஆலையில் முதலில் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று கேட்டால், நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் கந்தக அமிலம் என்பீர்கள். அமிலத்துக்குப் பயப்பட யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு சொட்டு கையில் பட்டால் அதுவே பாடம் நடத்திவிடும். நான் சர்வீஸ் முழுக்கப் பயந்தது சைலோஸுக்குத்தான். சர்க்கரைக்கா மேடம் பயந்தீர்கள் என்று சிரிக்கிறீர்கள் இல்லையா, அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன்.

கரும்புச் சக்கையை நீர்த்த அமிலத்தில் போட்டு வேகவைத்தால் கரைந்து வருகிற சர்க்கரை அது. காயவைத்து எடுத்தால் ரேஷன் கடைச் சீனியைவிட அழகாக இருக்கும். தண்ணீரில் போட்ட மாத்திரத்தில் கரையும். சீனி அளவுக்கு இல்லாவிட்டாலும் இனிக்கும். விஷமில்லை, கையைச் சுடாது, நெடி கிடையாது. இத்தனை நல்ல பெயரையும் வாங்கிக்கொண்ட ஒரு பொருளை ரசாயன ஆலைக்குள் வைத்தால் என்ன ஆகும்? வருகிறவன் போகிறவன் எல்லாம் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். அதே மேசையில் பக்கத்து ஜாடியில் இருக்கும் வெள்ளைப் பொடி வேறு பொடி என்பது வாய்க்குத் தெரியாது.

ரிட்டையர் ஆகும் வரை தரக்கட்டுப்பாட்டு லேபுக்கு நான் பொறுப்பாளர். கண்ணில் படுகிறவனை எல்லாம் "துப்பு! போய் வாயைக் கழுவு!" என்று விரட்டுவேன். எனக்குத் துப்பு மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான். முன்னால் சொல்ல ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை.

காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் நான் இல்லாத நேரம் பார்த்துக் கை நிறைய அள்ளித் தின்றுவிட்டான். உடம்பு சைலோஸை அரைகுறையாகத்தான் ஏற்றுக்கொள்ளும். மிச்சம் குடலுக்குள் போய் அங்கே இருக்கிற தண்ணீரை எல்லாம் இழுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடும். சாயங்காலம் நானும் அவனும் ஒரே சிதம்பரம் பஸ்ஸில் போனோம். புதுச்சத்திரம் வருவதற்குள் அவன் முகம் போன போக்கைப் பார்த்து நானே விசிலடித்து வண்டியை நிறுத்தினேன். கண்டக்டர் திட்டத் திட்ட, மொத்த பஸ்ஸும் அவனுக்காகக் காத்திருந்தது. இன்று அவர் வெளிமாநிலத்தில் பெரிய மேலாளர். பெயரைச் சொன்னால் என்னைச் சும்மா விடமாட்டார்.

மழைக்காலத்தில் இன்னொரு கூத்து. சைலோஸ் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வாய் சரியாகக் கட்டாத மூட்டை ஐப்பசி மழை ஓய்வதற்குள் பாறையாகிவிடும். அதைக் கடப்பாரையால் உடைத்தால் கட்டி உடைவதைவிட மாவு ஜாஸ்தி பறக்கும். மூடின அறையில் காற்று முழுக்கச் சர்க்கரை மாவு பறக்கும்போது ஒரு பொறி விழுந்தால் போதும், கூரை மேலே போய்விடும். சர்க்கரை வெடிக்குமா என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. அடுப்பில் விழுந்த சீனி எப்படி எரிகிறது என்று வீட்டில் பார்த்ததில்லையா என்று நானும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

இதெல்லாம் சில்லறை. நான் சொல்ல வந்தது ஓர் ஆயுத பூஜை அன்று நடந்தது. 2008 என்று நினைக்கிறேன்.

நம் ஆலையில் ஆயுத பூஜை என்றால் கல்யாண வீடு மாதிரி. அன்றைக்கு மட்டும் தொழிலாளிகள் குடும்பத்தோடு உள்ளே வரலாம். கேட்டில் வாழைமரம். முதலாளியும் அவர் மனைவியும் வந்துவிடுவார்கள். ஐயர் கற்பூரத் தட்டோடு முதலில் ஆபீஸ், பிறகு லேப், பிறகு பாய்லர் என்று ஒவ்வொரு இடமாகப் போவார். கடைசியில், சக்கையை வேகவைக்கிற ரியாக்டர் ஷெட். அங்கே பெரிய பூஜை முடிந்ததும் எல்லோரும் கேட்டுக்குப் போய்த் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்போம். அதோடு லீவு.

பூஜைக்கு மெஷின்கள் ஓய வேண்டும். அது சாஸ்திரம். ஆனால் அந்த வருஷம் சக்கையும் அமிலமும் கலந்த சரக்கு ரியாக்டருக்குள் பாதி வெந்தபடி இருந்தது. ஏற்றுமதி ஆர்டர், கப்பலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. உற்பத்தி மேலாளர் ஒரு சமரசம் கண்டுபிடித்தார். நீராவி வால்வை மூடிவிட்டு, சரக்கைச் சூட்டோடு அப்படியே வைத்திருப்பது. பூஜை முடிந்ததும் திரும்ப ஓட்டுவது. ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்றார். எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. சாமியும் கோபிக்காது, கப்பலும் கைவிட்டுப் போகாது என்று தலையாட்டினேன்.

ரியாக்டரை ஓட்டுகிறவர் செல்வம். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். அந்த ரியாக்டர் மேல் அவருக்கு இருந்த பாசத்தை சொந்த மாட்டின் மேல் விவசாயிகளிடம்கூட நான் பார்த்ததில்லை. விடிகாலையிலேயே வந்து அதைத் துடைத்துக் கழுவி, கதம்ப மாலை சுற்றி, திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைத்து மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார். பூஜை நேரத்தில் அவர் மனைவி, பட்டுப் பாவாடை கட்டின பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, ரியாக்டரை ஒட்டி முதல் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரர் ஓட்டுகிற மெஷின் என்ற பெருமை அந்த முகத்தில் தெரிந்தது.

ஷெட் நிறைந்துவிட்டது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சுண்டக் காய்ச்சின பாதாம் பால் வாசனை.

கூட்டம் முழுக்க ஒரு சந்தோஷம் ஓடியது. "கேன்டீன்ல இந்த வருஷம் பாதாம் பாலு போல" என்று யாரோ சொன்னார்கள். "முதலாளிக்கு மனசு வந்துடுச்சி" என்றார் இன்னொருவர். குழந்தைகள் மூக்கை உறிஞ்சின. உண்மையைச் சொல்கிறேன், நானும் நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை, நாக்கில் எச்சில் ஊறியது.

கேன்டீன் நடத்துகிற காதர் பாய் சுண்டல் தாம்பாளத்தோடு ஷெட் வாசலுக்கு வந்தார். என் பக்கத்தில் வந்து குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"மேடம், யாரு வூட்லருந்து பாதாம் பாலு வந்துருக்குது? எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வெக்கச் சொல்லுங்க."

"நீங்க போடலையா பாய்?"

"நம்ம கிட்ட சுண்டலும் கேசரியும்தான் மேடம். பாதாம் விக்கிற வெலைக்கு முதலாளி எங்க வாங்கிக் குடுப்பாரு?"

அப்படியானால் அந்த வாசனை கேன்டீனிலிருந்து வரவில்லை. சைலோஸை அமிலத்தோடு அளவுக்கு மேல் சுடவைத்தால் அது சர்க்கரையாக இருப்பதை விட்டுவிடும். ஃபர்ஃபுரால் என்று ஓர் எண்ணெயாக மாறும். அதன் ஆவி கண்ணையும் தொண்டையையும் அரிக்கும், நிறைய உள்ளே போனால் ஆளைச் சாய்க்கும், நெருப்புப் பட்டால் எரியும். அதன் மணம் அச்சு அசல் பாதாம் மணம். ஆலைக்குள் அந்த வாசனை வந்தால் யாரும் மூக்கைப் பொத்த மாட்டார்கள் என்பதுதான் அதில் இருக்கிற அநியாயம்.

ரியாக்டரைப் பார்த்தேன். வெப்பமானியின் வட்டமான கண்ணாடி முழுக்கச் சந்தனம். அதன் நடுவே ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். ஊசி எங்கே நிற்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். மேலே குளிர்விப்பானுக்குத் தண்ணீர் அனுப்புகிற பம்பு ஓடவில்லை. பம்பும் மெஷின்தானே, அதற்கும் மாலை போட்டு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அது ஓடினால் ஆவி குளிர்ந்து உள்ளேயே இறங்கிவிடும். ஓடாததால் குழாய் வழியே வெளியே வந்து, காற்றைவிடக் கனமாக இருப்பதால் எங்கள் தலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. மூடிய வால்வு சரியாக மூடவில்லை, நீராவி கசிந்து உள்ளே போய்ச் சரக்கைச் சுடவைத்துக்கொண்டே இருக்கிறது என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

ஐயர் தட்டில் கற்பூரத்தை அடுக்கிவிட்டு மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

காற்றில் எவ்வளவு ஆவி இருந்தது, தீக்குச்சிக்குப் பற்றியிருக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அளந்து பார்க்க நேரமில்லை. செல்வத்தின் குழந்தை ரியாக்டருக்கு ஒரு கை தூரத்தில் நின்று கண்ணைக் கசக்க ஆரம்பித்திருந்தது. எனக்கு அது போதும்.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? "கேஸ்! எல்லாரும் ஓடுங்க!" என்று கத்துவீர்கள். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் அந்த ஷெட்டுக்குப் பெரிய ஷட்டர் ஒன்று, அது பாதிதான் ஏற்றியிருந்தது. பக்கத்தில் ஓர் ஆள் போகிற கதவு. பட்டுப் புடவையும் குழந்தைகளுமாக இத்தனை பேர் ஒரே நேரத்தில் ஓடினால் ஆவி செய்யாத வேலையை நெரிசல் செய்துவிடும். முதலாளியிடம் காதில் சொல்லலாம். அவர் நல்ல மனிதர், ஆனால் எதையும் மூன்று கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். மூன்று கேள்விக்குள் கற்பூரம் எரிந்துவிடும்.

எல்லோரையும், அந்தத் தீப்பெட்டியையும் சேர்த்து, சிரித்த முகத்தோடு வெளியே நடக்க வைக்க வேண்டும். அதற்கு என்ன வார்த்தை என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சாமி, நிறுத்துங்க! ராகு காலம் வரப்போவுது. மொதல்ல கேட்டுல பூசணிக்காய ஒடச்சிட்டு வந்துடலாம்!"

ஐயர் குச்சியைக் கையில் வைத்தபடி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் நேரம் இருக்கேம்மா. அதுவும் இல்லாம மெஷினுக்குக் காட்டிட்டுதான பூசணிக்கா?"

"உங்க வாட்சு ஸ்லோ சாமி. இந்த வருஷம் கேட்டுதான் மொதல்ல. தட்ட எடுங்க."

முதலாளி திரும்பிப் பார்த்தார். "என்ன மேடம், இதுக்குக் காட்டிட்டே போயிடலாமே?"

"சார், நல்ல நேரம் போச்சின்னா வருஷம் முழுக்க நீங்கதான் என்னைக் கேப்பீங்க."

ஐயர் என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டார். தட்டைத் தூக்கிக்கொண்டு, "வாங்கோ, எல்லாரும் கேட்டுக்கு வாங்கோ, நேரமாயிடுத்து" என்று முன்னால் நடந்தார். முதலாளி அவர் பின்னால். முதலாளி நடந்தால் கூட்டம் நிற்குமா? ஆனாலும் சில பேர் நிழலை விட்டு நகரச் சோம்பல்பட்டார்கள். அவர்களுக்கு வேறு மருந்து வைத்திருந்தேன்.

"காதர் பாய், ஸ்வீட் பாக்ஸெல்லாம் கேட்டுல வெச்சிக் குடுத்துடுங்க. கடைசியா வர்றவுங்களுக்குக் கெடைக்குமான்னு தெரியாது."

பாய் பெட்டிகளை எங்கே வைத்திருந்தாரோ எனக்குத் தெரியாது. ஆனால் என் கண்ணைப் பார்த்தவர் மறுபேச்சுப் பேசாமல், "வாங்க, வாங்க, கேட்டுல, கேட்டுல!" என்று தாம்பாளத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தார். ஷெட் மளமளவென்று காலியானது. செல்வத்தின் மனைவி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கேசரி வாங்குகிற அவசரத்தில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரியாக்டர் காலடியில் வாழைப்பழத்தில் குத்தியிருந்த ஊதுவத்தியைப் பிடுங்கித் தண்ணீர் வாளியில் முக்கினேன். மாலையைச் சரிசெய்துவிட்டு மனைவி பின்னால் கிளம்பிய செல்வத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"பாதாம் வாசன எங்கருந்து வருது செல்வம்?"

"கேன்டீன்லருந்து மேடம்."

"கேன்டீன்ல சுண்டல்தான்யா."

அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த நிமிஷம் அவர் கை பாய்ந்தது சாமந்திப்பூ வைத்திருந்த பம்பு சுவிட்சுக்கு. நான் அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி போட்டேன். சுவிட்சு போட்டால் உள்ளே ஒரு பொறி விழும். தீக்குச்சியை வெளியே அனுப்பிவிட்டு நாமே இன்னொன்று கிழிப்பதா?

"இங்க எதையும் தொடாத. பாய்லர்ல மெயின் ஸ்டீம மூடச் சொல்லு. வெளிய பேனல் ரூம்லருந்து பம்பப் போடு. ஓடு!"

ஓடினார். நான் சங்கிலியைப் பிடித்து ஷட்டரை முழுக்க ஏற்றினேன். கண்ணில் மிளகாய்ப் பொடி விழுந்த மாதிரி எரிந்தது. கடலூரில் வேலை பார்த்ததற்காகச் சாமிக்கு நான் நன்றி சொன்ன ஒரே நாள் அது. கடல் காற்று உள்ளே புகுந்து ஷெட்டைக் கழுவிவிட்டது. நானும் வெளியே வந்து தூரத்தில் நின்றுகொண்டேன். பம்பு ஓடுகிற சத்தம் கேட்டது. அதே நேரம் கேட்டுப் பக்கம் பூசணிக்காய் உடைந்தது. கைதட்டினார்கள்.

வாசனை அடங்கிய பிறகு செல்வம் ஈரத்துணியோடு வந்து கண்ணாடியைத் துடைத்தார். ஊசி இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டு, அப்போதுதான் மெல்லத் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள்.

"அறிவிருக்குதாய்யா? இவ்ளோ பெரிய மெஷின்ல பொட்டு வெக்க வேற எடமே இல்லையா உனக்கு? மீட்டரு மேலயா வெப்ப?"

செல்வம் தலையைக் குனிந்தபடி மெதுவாகச் சொன்னார்.

"மீட்டருதான மேடம் அதுக்கு மொகம்? மொகத்துலதான பொட்டு வெப்பாங்க?"

தினமும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவர் ரியாக்டரின் மனநிலையைத் தெரிந்துகொள்கிறார். அதற்குப் பொட்டு வைக்காமல் காலுக்கா வைப்பார்? நான் சிரித்துவிட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டுப் பக்கம் பார்த்தார். பட்டுப் பாவாடை அங்கே கேசரி தின்றுகொண்டிருந்தது. "புள்ள இங்கதான மேடம் நின்னுச்சி" என்று சொல்லிவிட்டுத் துணியால் முகத்தை மூடிக்கொண்டார்.

சரக்கு போனது போனதுதான். திறந்து பார்த்தபோது காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. முதலாளியிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் வழக்கம்போல மூன்று கேள்வி கேட்டார். மூன்றாவது கேள்வி, "அப்போ ராகு காலம்?"

"பன்னெண்டு மணிக்குதான் சார். இன்னும் வரல."

அவர் என்னை முறைத்துப் பார்க்க முயன்று, முடியாமல் சிரித்தார். பாதி வெந்த சரக்கை வைத்துக்கொண்டு பூஜை போடக்கூடாது, பூஜைக்கு முன்னால் ரியாக்டர் காலியாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவானது. உற்பத்தி மேலாளர் அதற்கு முதல் ஆளாகக் கை தூக்கினார்.

எனக்குப் புரியாமல் இருந்தது ஐயர்தான். வாட்சு சரியாக ஓடுகிறது என்று தெரிந்தும் எப்படிக் கிளம்பினார்? புறப்படும்போது பிடித்துக் கேட்டேன்.

"நீங்க எந்த வருஷம்மா நல்ல நேரம் பாத்திருக்கீங்க? சீக்கிரம் முடிங்க சாமி, லேப்ல வேல கெடக்குன்னுதான் சொல்லுவீங்க. நீங்க வாயத் தெறந்து ராகு காலம்னதும், ஏதோ பெரிசா ஆயிடுத்துன்னு புரிஞ்சிண்டேன்."

பிள்ளைகளே, அவசரத்தில் சரியான விளக்கம் சொல்கிற ஆளாக இருக்காதீர்கள். ஜனங்களின் காலை நகர்த்துகிற வார்த்தை எதுவோ அதைச் சொல்லுங்கள். விளக்கம் சுண்டல் சாப்பிடும்போது சொல்லிக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. சாதாரண நாளில் நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று மற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் நீங்கள் வழக்கத்துக்கு மாறாக ஒன்று சொன்னால் அவர்கள் உஷாராவார்கள்.

லீவு முடிந்து வந்த அன்று செல்வம் கையில் ஒரு சின்னப் பெயின்ட் டப்பாவோடு லேபுக்கு வந்தார். "மேடம், எவ்ளோ சூட்டத் தாண்டுனா சக்கர கெட்டுப்போவும்?" என்று கேட்டார். சொன்னேன். போய் வெப்பமானியைக் கழற்றி, கண்ணாடியைத் திறந்து, உள்ளே அந்த எண்ணுக்கு நேராகச் சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு வைத்தார். "மொகத்துல பொட்டு இருக்கணும் மேடம். இருக்கட்டும். ஊசி இதத் தொடக்கூடாது, அவ்ளோதான்" என்றார்.

நீங்கள் இன்று ஷிஃப்டு மாறும்போது "பொட்டுக்குக் கீழ இருக்குதா?" என்று கேட்டுக்கொள்கிறீர்களே, அந்தப் பொட்டு இதுதான். மீட்டர்களை எத்தனை முறை மாற்றினாலும் பொட்டு மட்டும் மாறவில்லை.

போன ஆயுத பூஜைக்கு நீங்கள் என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தேன். கேட்டில் முதலில் பூசணிக்காய் உடைத்தார்கள். ஏன் இங்கே மட்டும் பூசணிக்காய் முதலில் என்று உங்களில் ஒரு பெண்ணிடம் ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். "அது வாஸ்து மேடம். கம்பெனி ஆரம்பிச்சதுலருந்தே அப்படித்தான்" என்று எனக்குப் பொறுமையாக விளக்கினாள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

பிறகு ஷெட்டுக்குப் போனோம். குழந்தைகள் முன்வரிசையில் நின்றன. ஐயர் கற்பூரத்தை ஏற்றினார். எல்லோரும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, காற்றை ஒரு தடவை மோந்து பார்த்து, மீட்டரைப் பார்த்தேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஊசி பொட்டுக்கு எவ்வளவோ கீழே தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் சுண்டலுக்குக் கை நீட்டினேன்.